இனந்தெரியாத கைத்துப்பாக்கிகள்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணையைத் தாண்டிப் புங்குடுதீவின் மேற்குக் கரைவரை ஓடிவரும் வீதி குறிகட்டுவானில் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் கடல்தான். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் இந்த இறங்குதுறையில் பேருந்தைவிட்டு இறங்கிப் படகேற வேண்டும். 2004ஆம் ஆண்டு ஆனி மாதம், நாகபூஷணி அம்மன் திருவிழாக் காலத்தில், அந்த வரிசையில் நானும் நின்றிருந்தேன். போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த காலம். ஆயினும் சோதனை இருந்தது. ஆண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கைகளை உயர்த்தி நிற்க, காவலரணில் நின்ற இளைஞன் ஒவ்வொருவருடைய இடுப்பையும் முதுகின் கீழ்ப்புறத்தையும் கணுக்காலையும் தடவிப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தான்.

எனக்கு முன்னால் நின்ற பெரியவர் நெடுந்தீவைச் சேர்ந்தவர். எழுபது வயதைத் தாண்டியிருக்கும். சோதனை முடிந்து வெளியே வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, இடுப்பைத் தடவி என்னத்தைத் தேடுறாங்கள்?"

"சின்னத் துவக்கு ஐயா. பிஸ்டல்."

"துவக்கெண்டால் தோளிலையெல்லோ கிடக்கும்?"

அவர் பகிடியாகச் சொல்லவில்லை. அவர் இளமையில் கண்ட துவக்கு கொக்கும் காடையும் சுடுகிற வேட்டைத் துவக்கு. அதை ஒளிக்க முடியாது. ஒளிக்கவேண்டிய தேவையும் இல்லை. துவக்கு வைத்திருப்பவர் யார் என்பது ஊருக்கே தெரியும். தோளில் கிடந்த துவக்கு எப்போது இடுப்புக்கு இறங்கியது, இறங்கியபோது நமக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்வியைப் பெரியவர் தம்மை அறியாமலே என்னிடம் விட்டுச் சென்றார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அது என்னுடன் இருக்கிறது. அண்மையில் மீண்டும் குறிகட்டுவானுக்குப் போய்வந்த பின்னரே அதை எழுதத் துணிந்தேன்.

துப்பாக்கி, துவக்கு ஆகிய இரு சொற்களுமே துருக்கிய மொழி மூலத்தையுடையவை. உருது, பாரசீகம் முதலியவற்றின் வழியாக நம்மிடம் வந்துசேர்ந்தவை. ஆயுதம் வந்த வழியே சொல்லும் வந்தது. ஒரு கையால் சுடக்கூடிய சிறு துப்பாக்கி ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஆனால் அது ஒரே ஒரு முறை சுடும். மீண்டும் சுடுவதற்கு மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்க வேண்டும். 1865 ஏப்ரல் 14ஆம் திகதி வாஷிங்டனில் அரங்கொன்றில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்த ஆபிரகாம் லிங்கனைச் சுட்டது இந்த வகைதான். பிலடெல்பியாவின் ஹென்றி டெரிஞ்சர் செய்த, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒற்றை வெடித் துப்பாக்கி. கொலையாளி பூத் அந்த ஒரு வெடிக்குப்பின் கத்தியை நம்பவேண்டியிருந்தது.

1836இல் சாமுவேல் கோல்ட் காப்புரிமை பெற்ற சுழல் துப்பாக்கி, அதாவது ரிவோல்வர், ஒரு வெடி என்ற தடையை நீக்கியது. ஆனால் ஆறு ரவைகளைச் சுமக்கும் அதன் உருளை பருத்தது; சட்டைக்குள் வைத்தால் புடைத்துத் தெரியும். மறைக்கக்கூடியதாகவும் பலமுறை சுடக்கூடியதாகவும் ஒரே கருவி அமையவேண்டும் என்ற இரட்டைத் தேவையைத் தீர்த்தவர், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்த ஜோன் மோசஸ் பிரௌனிங். அவருடைய வரைவுகளைக் கொண்டு பெல்ஜியத்தின் எர்ஸ்டால் நகரிலிருந்த எஃப்.என். தொழிற்சாலை 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட பிஸ்டல், ஏழு ரவைகளைக் கைப்பிடிக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தது. ரவை வெடிக்கும் வேகம் துப்பாக்கியின் மேலுறையைப் பின்னுக்குத் தள்ளும். வெற்றுக்கோது வெளியே தெறிக்கும். சுருள்வில் மேலுறையை முன்னுக்கு இழுக்கும்போது அடுத்த ரவை தானாக ஏறிக்கொள்ளும். பருத்த உருளை ஒழிந்தது. ஒரு கனத்த புத்தகத்தைப் போலத் தட்டையான இரும்பு மிஞ்சியது. 1906இல் அதே தொழிற்சாலை இன்னும் சிறிய ஒன்றை விற்பனைக்கு விட்டது. பதினொரு சென்டிமீற்றரை ஒட்டிய நீளமும் 370 கிராம் அளவில் எடையும் கொண்ட அதனை மேற்சட்டையின் சிறு பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தொழிற்சாலையின் பிஸ்டல்கள் உலக வரலாற்றில் எவ்வளவு விரைவாக நுழைந்தன என்பதைப் பாருங்கள். 1904 ஜூன் மாதம் ஹெல்சிங்கியில் ரஷ்ய ஆளுநர் பொப்ரிகோவ் கொல்லப்பட்டது பிரௌனிங்கினால். 1909 ஒக்டோபரில் மஞ்சூரியாவின் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானிய அரசியல் தலைவர் இட்டோ ஹிரோபுமியைக் கொரியரான அன் ஜுங்-குன் சுட்டது பிரௌனிங்கினால். அதே ஆண்டு டிசம்பர் 21ஆம் திகதி நாசிக் நகரக் கலெக்டர் ஜாக்சன் நாடக அரங்கொன்றில் கொல்லப்பட்டதும் பிரௌனிங்கினால்தான். இலண்டனிலிருந்து சாவர்க்கர் தம் தோழர் ஒருவரிடம் கொடுத்து, பெட்டியின் இரகசிய அடித்தட்டில் மறைத்து இந்தியாவுக்கு அனுப்பிய இருபது பிஸ்டல்களில் அது ஒன்று. 1914 ஜூன் 28ஆம் திகதி சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டு முதலாம் உலகப் போருக்கு வழிவிட்ட துப்பாக்கியும் எர்ஸ்டாலில் செய்யப்பட்ட 1910 மாதிரிப் பிரௌனிங்கே. அதன் தொடர் எண் 19074. இன்று அது வியன்னாவின் இராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த வரிசையில் தமிழகத்துக்கும் ஓர் இடம் உண்டு. 1911 ஜூன் 17ஆம் திகதி மணியாச்சி ரயில் நிலையத்தில், கொடைக்கானலுக்குச் செல்லும் வழியில் ரயில் பெட்டியில் மனைவியுடன் அமர்ந்திருந்த திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் சுட்டுக்கொன்றார். பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் தானியங்கிப் பிஸ்டல். புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் அவர் சுடுவதற்குப் பயிற்சி பெற்றிருந்தார். ஐயரோ இலண்டனில் சாவர்க்கருடன் இருந்துவிட்டு 1910இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டிய வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கம்பெனியை நசுக்கியவர்களில் ஆஷும் ஒருவர் என்ற கோபம் திருநெல்வேலிச் சீமையில் கனன்றுகொண்டிருந்தது. ஆக, அக்கொலையின் முன்கதையில் நம் கொழும்புத் துறைமுகமும் ஒரு மூலையில் நிற்கிறது.

அன்றைய சட்டமும் இங்கே கவனத்துக்குரியது. லிட்டன் பிரபு ஆட்சியில் 1878இல் வந்த ஆயுதச் சட்டம், இந்தியர்கள் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக்கூடாது என்றது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அதே ஆண்டில் அதே லிட்டன்தான் இந்திய மொழிப் பத்திரிகைகளை அடக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தார். துப்பாக்கியும் எழுதுகோலும் ஒரே ஆண்டில் ஒரே கையால் பூட்டப்பட்டதை, பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்த எனக்குச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. இலங்கையில் 1916இல் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் வந்தது. தோளில் கிடக்கும் துவக்கைச் சட்டம் எளிதில் எண்ணிவிடும். பெட்டியின் அடித்தட்டில் கிடக்கும் பிஸ்டலை எப்படி எண்ணுவது?

பழைய பிஸ்டலையும் புதிய பிஸ்டலையும் ஒப்பிட்டால் பெரிய மாற்றங்களைக் காணலாம் என்று எண்ணுவோம். நானும் அப்படித்தான் எண்ணினேன். அளவுகளைப் பக்கத்தில் பக்கமாக எழுதிப் பார்த்தபோது வியப்பாக இருந்தது. சரயேவோவின் 1910 மாதிரிப் பிரௌனிங் ஏறத்தாழ 153 மில்லிமீற்றர் நீளம். 1948 ஜனவரி 30ஆம் திகதி காந்தியடிகளைச் சுட்ட இத்தாலியப் பெரேட்டா 1934 மாதிரியைச் சேர்ந்தது. அது 152 மில்லிமீற்றர். 2018இல் விற்பனைக்கு வந்து இன்றைய சிறுபிஸ்டல்களின் போக்கையே மாற்றியதாகச் சொல்லப்படும் சிக் சவர் பி365 ஏறத்தாழ 147 மில்லிமீற்றர். நூற்றெட்டு ஆண்டுகளில் குறைந்த நீளம் ஆறு மில்லிமீற்றர்! காரணம் எளிது. மனிதனின் உள்ளங்கை வளரவுமில்லை, சுருங்கவுமில்லை. ஒளிக்கும் இடமாகிய இடுப்பும் மாறவில்லை.

மாறியவை வேறு. பழைய பிரௌனிங்கின் 7.65 மில்லிமீற்றர் ரவை வெளிவிடும் ஆற்றல் 200 ஜூலுக்கும் குறைவு. இன்றைய சிறுபிஸ்டல்கள் எடுத்துக்கொள்ளும் 9 மில்லிமீற்றர் ரவையின் ஆற்றல் ஏறத்தாழ 500 ஜூல். அன்று 590 கிராம் உருக்கில் ஏழு ரவைகள். இன்று 500 கிராம் எடையில் பத்து ரவைகள். ஒரே அளவுப் பைக்குள் வலிமை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. இதை இயலச்செய்தவை இரண்டு. ஒன்று, கைப்பிடியையும் அடிச்சட்டத்தையும் உருக்குக்குப் பதிலாகப் பொலிமர் என்னும் வலிய பிளாஸ்டிக்கால் வார்ப்பது. ஆஸ்திரியப் படை 1982இல் ஏற்றுக்கொண்ட குளொக் பிஸ்டலுக்குப் பின்னர் இதுவே உலக வழக்கமாயிற்று. அந்தப் பிஸ்டல் விமான நிலையக் கருவிக்குத் தெரியாது என்று ஒரு காலத்தில் கிளம்பிய வதந்தி பொய். குழலும் மேலுறையும் உருக்குத்தான். இரண்டாவது, வெடிக்கும் கணத்தில் குழலையும் மேலுறையையும் ஒன்றோடொன்று பூட்டிப் பின்னர் குழலைச் சற்றே சாயவிட்டு விடுவிக்கும் பொறியமைப்பு. பெரிய ரவையின் உதையைச் சிறிய துப்பாக்கி தாங்குவது இதனால்தான். இந்தச் சாயும் குழல் யாருடைய யோசனை? 1926இல் எர்ஸ்டால் தொழிற்சாலையில் இருந்தபோதே உயிர்நீத்த அதே பிரௌனிங்கினுடையது. புதிய பிஸ்டலின் உள்ளே அந்தப் பழைய கிழவர்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

பாதுகாப்பும் கூடியிருக்கிறது. கீழே விழுந்தால் தற்செயலாக வெடிக்காமல் தடுக்கும் உள்பூட்டுகள் இன்றைய பிஸ்டல்களில் உண்டு. அவை சுடுபவருக்கும் அருகில் நிற்பவருக்கும் பாதுகாப்பு. எதிரில் நிற்பவருக்கு எந்தக் காலத்திலும் எந்தப் பாதுகாப்பும் வடிவமைக்கப்படவில்லை.

ஆகவே பழையது புதியது என்று இயந்திரத்தை மட்டும் ஒப்பிட்டால் கதை சீக்கிரம் முடிந்துவிடும். கைத்துப்பாக்கியின் உண்மையான வரலாறு குழலில் இல்லை. அது ஒளிந்திருந்த இடங்களில் இருக்கிறது. ஒளித்துவைத்த ஆயுதம் நம் மரபுக்குப் புதிதும் அன்று. வணங்கும் கரங்களுக்குள்ளும் ஆயுதம் மறைந்திருக்கக்கூடும் என்று கூடாநட்பைப் பற்றிப் பேசுகையில் வள்ளுவர் எச்சரித்தார். பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல வந்த முத்தநாதன், திருநீறு பூசிய அடியவர் வேடத்தில், புத்தகக் கட்டுக்குள் குத்துவாளை மறைத்துக்கொண்டு அரண்மனைக்குள் நுழைந்தான். வேடத்தை நம்பியவர் மாண்டார்.

1959 செப்டெம்பர் 25ஆம் திகதி கொழும்பு ரொஸ்மீட் பிளேஸ் இல்லத்தில் பிரதமர் பண்டாரநாயக்கவைச் சுட்ட தல்துவே சோமாராமவும் காவி உடுத்த பிக்குவே. அவருடைய கையில் இருந்தது பிரௌனிங்கைப்போலச் சிறு பிஸ்டல் அன்று. வெப்ளி வகைச் சுழல் துப்பாக்கி. அந்த வகையில் பெரியன ஒரு கிலோகிராமுக்கும் மேலே எடைகொண்டவை. துப்பாக்கி பெரிதாக இருந்தாலென்ன, காவித் துணி அதைவிடப் பெரிது. அந்தத் துணிக்கு இருந்த மரியாதை இன்னும் பெரிது. பிரதமர் பிக்குவைக் கும்பிட்டு வரவேற்றார். மறுநாள் உயிர்நீத்தார்.

அதற்கு அறுபத்தைந்து ஆண்டுகளின் பின்னர், 2025 பெப்ரவரி 19ஆம் திகதி, கொழும்பு புதுக்கடை நீதிமன்ற மண்டபத்துக்குள், பாதாள உலகத்தவர் என்று அறியப்பட்ட கணேமுல்ல சஞ்சீவ என்பவர் சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்டவர் சட்டத்தரணியின் உடையில் வந்தார். துப்பாக்கி உள்ளே வந்த வழியைப் பொலிஸார் சொன்னபோது நாடே திடுக்கிட்டது. சட்டப் புத்தகமொன்றின் தாள்களைத் துப்பாக்கியின் வடிவத்துக்கு வெட்டி, அந்தக் குழிக்குள் அதை வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். முத்தநாதனின் புத்தகக் கட்டு நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்? நீதிமன்றத்துக்குள் சட்டத்தைக் குடைந்து அந்த இடத்தில் துப்பாக்கியை வைத்திருந்தார்கள்.

இனி, பெரியவரின் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். துவக்கு இடுப்புக்கு இறங்கியபோது நமக்கு என்ன நேர்ந்தது?

வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டுவிட்டு நிலையத்தின் கழிப்பிடத்துக்குள் ஓடித் தம்மையும் சுட்டுக்கொண்டார். அவரது சட்டைப்பையில் கடிதம் ஒன்று இருந்தது. அந்தக் கடிதத்தின் கருத்துகள் இன்றும் சர்ச்சைக்குரியவை. விடுதலை வேட்கையோடு சனாதனம் பற்றிய கருத்துகளும் அதில் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் விவாதித்து வருகின்றனர். அது வேறு கட்டுரைக்குரியது. எனக்கு இங்கே முக்கியமானது, கடிதம் இருந்தது என்பதுதான். நான் இன்னான், இன்ன காரணத்துக்காகச் செய்தேன் என்று பொறுப்பை ஏற்கும் தாள் அது. சரயேவோவில் பிரின்சிப் பிடிபட்டு நீதிமன்றத்தில் பேசினார். கோட்சே பிடிபட்டார், விசாரிக்கப்பட்டார், 1949இல் தூக்கிலிடப்பட்டார். சோமாராமவும் பிடிபட்டார், 1962இல் தூக்கிலிடப்பட்டார். இவர்களை நான் உயர்த்தவில்லை. பெயர் சொல்லிக் கொன்றால் கொலை புனிதமாகிவிடாது. மணியாச்சியில் ஆஷின் மனைவி கண்ட காட்சி எந்தக் கடிதத்தாலும் மாறப்போவதில்லை. ஆனால் அங்கே ஒரு பெயர் இருந்தது. பெயர் இருந்ததனால் விசாரணையும் வழக்கும் விவாதமும் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் ஆராய்ச்சியும் சாத்தியமாயின.

யாழ்ப்பாணத்தில் 1975 ஜூலை 27ஆம் திகதி மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோவிலுக்கு வழிபட வந்தபோது சுட்டுக்கொல்லப்பட்டார். கடிதம் அன்று இல்லை. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து, 1978 ஏப்ரலில், விடுதலைப் புலிகள் தாம் செய்த கொலைகளுக்கு உரிமைகோரி வெளியிட்ட கடிதத்தில் துரையப்பாவின் கொலையும் இருந்தது. சட்டைப்பையில் இருந்த கடிதம் மூன்று ஆண்டுகள் தாமதித்து வந்தது எனலாம்.

பின்னர் கடிதமே இல்லாமற் போனது. 1989 ஜூலை 13ஆம் திகதி கொழும்பில் அ. அமிர்தலிங்கமும் வெ. யோகேஸ்வரனும் வீட்டுக்குப் பேச வந்தவர்களால் கொல்லப்பட்டனர். புலிகளின் தரப்பிலிருந்து வருபவர்களைச் சோதிக்கவேண்டாம் என்று காவலர்களிடம் கேட்டுக்கொண்டவர் யோகேஸ்வரனே. அதே ஆண்டு செப்டெம்பர் 21ஆம் திகதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீட விரிவுரையாளரும் 'முறிந்த பனை' நூலாசிரியர்களுள் ஒருவருமான ராஜினி திராணகம, சைக்கிளில் வீடு திரும்புகையில் திருநெல்வேலியில் சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்டவர் இன்னார் என்று எந்த நீதிமன்றமும் இன்றுவரை தீர்ப்புச் சொல்லவில்லை.

எங்கள் தொழிலில் இருந்தவர்களின் கதையும் அதுதான். 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு நேரத்தில், மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் தம் வீட்டில் செய்தி எழுதிக்கொண்டிருந்தபோது யன்னல் வழியாகச் சுடப்பட்டு இறந்தார். அந்த மாதம் நடந்த தேர்தலின் முறைகேடுகளை அவர் எழுதியிருந்தார். 2006 ஜனவரி 24ஆம் திகதி திருகோணமலையில் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் வேலைக்குச் செல்லும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்கள் கிரனேட் வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டபோது, உடல்களில் துப்பாக்கிச்சூட்டுக் காயங்கள் இருந்ததை அவர் எடுத்த படங்கள் காட்டியிருந்தன. துப்பாக்கி செய்ததைப் படம்பிடித்தவரைத் துப்பாக்கி தேடிவந்தது. இருவர் கொலைக்கும் எவரும் தண்டிக்கப்படவில்லை. மேலே சொன்னவற்றுள் ஒவ்வொன்றிலும் பயன்பட்ட துப்பாக்கி எந்த வகை என்பது என் கவலையன்று. நெருங்கி வந்து, சுட்டு, மறைந்துபோகும் முறை எல்லாவற்றுக்கும் பொது.

இந்த இடத்தில் என் பங்கையும் சொல்லவேண்டும். தமிழ் நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் இருந்த ஆண்டுகளில், எத்தனை கொலைச் செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பினேன் என்று எனக்கே கணக்கில்லை. அவற்றில் ஊர் மாறும், வயது மாறும், பிள்ளைகளின் எண்ணிக்கை மாறும். ஒரு தொடர் மட்டும் மாறாது: 'இனந்தெரியாத துப்பாக்கிதாரிகள்'. அதை எழுதியதற்குக் காரணம் அச்சம். என் அச்சம், ஆசிரியரின் அச்சம், செய்தி அனுப்பியவரின் அச்சம். ஊரில் பாதிப்பேருக்கு வந்தவர்கள் யாரென்று தெரிந்திருக்கும். செய்தியை வாசிப்பவர்களும் வரிகளுக்கிடையே வாசித்துக்கொள்வார்கள். ஆனால் தாளில் ஏறியது 'இனந்தெரியாத' மட்டுமே. பின்னாளில் வரலாறு எழுதுபவருக்குக் கிடைக்கப்போவதும் அந்தத் தாள்தான்.

இதில் ஒரு முரண் உண்டு. துப்பாக்கியை இனங்காணும் கலை இதே நூறு ஆண்டுகளில் வியக்கத்தக்கவாறு வளர்ந்தது. ஒவ்வொரு குழலின் உள்வரிகளும் ரவையில் தம் தடத்தைப் பதிக்கின்றன. ஊசி அடித்த வடு வெற்றுக்கோதின் அடியில் நிற்கிறது. 1920களில் அமெரிக்காவில் கால்வின் கொடார்ட்டும் அவர் தோழர்களும் இரட்டை நுண்ணோக்கியின் கீழ் இரு ரவைகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கும் முறையை நிலைநாட்டினர். 1967 ஜனவரி 12ஆம் திகதி சென்னையில் எம்.ஜி.ஆரும் எம்.ஆர். ராதாவும் குண்டுக் காயங்களுடன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டபோது, யார் யாரைச் சுட்டார் என்ற கேள்விக்கு விடைகாணத் தடயவியல் துணைசெய்தது. நீதிமன்றம் தீர்ப்பும் வழங்கியது. இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய சுழல் துப்பாக்கி வெற்றுக்கோதுகளைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு போய்விடும். தானியங்கிப் பிஸ்டலோ சுட்ட இடத்திலேயே கோதைத் துப்பிவிட்டுப் போகிறது. நவீன ஆயுதம் பழையதைவிட அதிகமாகவே சாட்சி சொல்கிறது. நம் வீதிகளில் அந்தக் கோதுகள் பொறுக்கப்பட்டன; எண்ணப்பட்டன; செய்தியிலும் வந்தன. இரும்பு சொன்ன சாட்சியை மனிதர்கள்தான் கேட்காமல் விட்டார்கள்.

எல்லாப் பழியையும் கைத்துப்பாக்கியின் தலையில் போட்டுவிட்டுத் தப்பவும் முடியாது. குறிகட்டுவானில் நிற்கும் எவருக்கும் அது தெரியும். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து இந்த இறங்குதுறையை நோக்கி வந்துகொண்டிருந்த குமுதினிப் படகு நடுக்கடலில் நிறுத்தப்பட்டது. குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட பயணிகள் கொல்லப்பட்டனர். கத்தியும் கோடரியும் போன்றவைதான் அங்கே பயன்பட்டன. வந்தவர்கள் கடற்படையினரே என்று உயிர்தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். எவரும் தண்டிக்கப்படவில்லை. அங்கே பிஸ்டல் தேவைப்படவில்லை. கேட்பார் இல்லை என்ற நிச்சயம் மட்டும் போதுமாயிருந்தது. ஆயுதம் எவ்வளவு சிறியது, எவ்வளவு நவீனமானது என்பது இரண்டாவது கேள்வி. அதை ஏந்தியவர் பெயர்சொல்லப் பொறுப்புக் கூறவேண்டி வருமா என்பதே முதற்கேள்வி.

அண்மையில் மீண்டும் குறிகட்டுவானுக்குப் போனபோது என் இடுப்பை யாரும் தடவவில்லை. அருச்சனைத் தட்டுகளுடன் குடும்பங்கள் படகில் ஏறிக்கொண்டிருந்தன. தென்னிலங்கையிலிருந்து நாகவிகாரைக்கு வந்த வெள்ளை உடைக்காரர்களும் அதே படகில் இருந்தனர். எதிரே தெரியும் நயினாதீவைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. நாக அரசர் இருவர் மணிகள் பதித்த ஆசனம் ஒன்றுக்காகப் போருக்கு நின்றபோது புத்தர் வந்து அறம் உரைக்க, இருவரும் பகை மறந்தனர் என்று மகாவம்சம் கூறுகிறது. மணிமேகலையின் மணிபல்லவத்திலும் நாக மன்னர் இருவரின் ஆசனச் சண்டை உண்டு. அந்த மணிபல்லவம் இந்தத் தீவே என்போர் பலர். இருவரும் எதிரெதிரே நின்றார்கள், இன்னார் என்று தெரிந்து நின்றார்கள் என்பதனால்தான் நடுவில் ஒருவர் வந்து பேச முடிந்தது. முகமில்லாதவரோடு யார் சமாதானம் பேசுவது?

தீவில் இறங்கி, கோவில் வளவில் இருக்கும் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டைப் பார்த்தேன். பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குரியது. ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்புத் தருவதையும், யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் அரசுக்கு எவ்வளவு, உடையவனுக்கு எவ்வளவு என்பதையும் அது வரையறுக்கிறது. உடைந்த கப்பலுக்கும் கணக்கு எழுதிய கடல் இது.

திரும்பி வந்ததும் ஒரு சிறு முடிவெடுத்தேன். இனிமேல் அந்தக் காலத்தைப் பற்றி எழுதும்போது 'இனந்தெரியாத' என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. 'இனங்காணப்படாத' என்றே எழுதுவேன். வேறுபாடு சில எழுத்துகள்தான். 'தெரியாத' என்றால் யார்மீதும் குறையில்லை. மழை பெய்ததுபோல, இருள் சூழ்ந்ததுபோல அது நடந்துவிட்டது. 'காணப்படாத' என்றால், காணவேண்டிய கடமை யாருக்கோ இருந்தது, அவர் காணவில்லை என்று பொருள். அந்த 'யாரோ'வில் பொலிஸும் நீதிமன்றமும் இயக்கங்களும் அரசும் உண்டு. நாளிதழ் மேசையில் சிவப்புப் பேனாவுடன் இருந்த நானும் உண்டு.

நெடுந்தீவுப் பெரியவர் இப்போது இருக்கமாட்டார். இருந்தால், ஐயா, துவக்கு தோளிலே கிடந்த காலத்தில் அது யாருடைய துவக்கு என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் அன்று தேடியிருக்கவேண்டும் என்று சொல்லியிருப்பேன்.